அருவச் சொத்து

ஜனவரி முப்பத்தொன்று, இரவு எட்டரை.
ஓஸ்டெண்டில் மழை கடலிலிருந்து படுத்தவாக்கில் வருகிறது.
நள்ளிரவுக்குள் விற்றாக வேண்டும்
வலது முட்டியில் ஜவ்வு கிழிந்த ஒருவனை.

நான் ஆட்டம் பார்ப்பவளில்லை.
பதினோரு வருடமாக இந்தக் கிளப்பின்
கணக்கை மட்டும் பார்க்கிறேன்.

வாங்கியது தொண்ணூறு லட்சம் யூரோவுக்கு.
ஐந்து வருட ஒப்பந்தம்,
வருடத்துக்குப் பதினெட்டாகத் தேய்க்கிறோம்.
இரண்டரை வருடம் தேய்ந்தது போக
புத்தகத்தில் அவன் இன்னும் நாற்பத்தைந்து.
அக்டோபரில், யாரும் இடிக்காமல்,
ஈரப் புல்லில் திரும்பும்போது தானாக விழுந்தான்.
அதற்காகப் புத்தகம் ஒரு காசும் குறைக்கவில்லை.
புத்தகத்துக்கு ஆட்டக்காரன் யானை மாதிரி:
நின்றாலும் ஆயிரம் பொன், படுத்தாலும் ஆயிரம் பொன்.

சந்தைக்கு அப்படியில்லை.

கருங்கடல் கரையிலிருந்து ஒரு கிளப் கேட்கிறது.
இப்போது பன்னிரண்டு லட்சம்.
பதினைந்து ஆட்டம் ஆடினால் இன்னும் முப்பது.
டிர்க் ஃபோனைப் பொத்திக்கொண்டு சொல்கிறார்:
"பதினாலு ஆடவைப்பான். பிறகு உட்காரவைப்பான்.
நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்."

முப்பதை வரவென்று எழுத எனக்கு அனுமதியில்லை.
நடக்காததைத் தணிக்கையாளர் நம்ப மாட்டார்.
எனவே நஷ்டம் முப்பத்து மூன்று.
மிச்சமாகும் சம்பளம், நூற்று முப்பது வாரத்துக்கு,
இருபத்தாறு.
காப்பீட்டுக்காரன் தொண்ணூறு நாள் கண்ணை மூடியிருந்தான்,
இன்று நூற்று நான்காம் நாள்,
அவனிடமிருந்து வந்தது இருபத்தெட்டாயிரம்.
அதை நான் தேநீர்ச் செலவோடு சேர்த்துவிடலாம்.

கையெழுத்துப் போட வந்தான் ஊசைனு பாஜி.
ஊன்றுகோலை ஹீட்டரில் சாய்த்துவைத்தான்,
அது இரண்டு முறை சரிந்தது.
காலை என் காகிதக் கூடைமேல் நீட்டிக்கொண்டு
திரையில் தன் பெயருக்கு மேலிருந்த தலைப்பைப் படித்தான்:
அருவச் சொத்துகள்.
"அப்படியென்றால்?"
"கையால் தொட முடியாதவை."
சிரித்தான்.
காலையிலிருந்து மூன்று டாக்டர்கள்
அவன் முட்டியைத் தொட்டு அழுத்தி மடக்கிப் பார்த்திருந்தார்கள்.
கருங்கடல்காரர்கள் அனுப்பிய டாக்டர்
இரண்டு முறை.

பிறகு கேட்டான்:
"ஸிகின்ஷோருக்கு எவ்வளவு?"
பதின்மூன்றிலிருந்து பதினேழு வயது வரை
அவனுக்குச் சோறும் பூட்ஸும் கொடுத்த பள்ளி.
லாபத்தில் பத்து சதம் என்றொரு பழைய உடன்படிக்கை.
லாபமில்லை, ஆகவே பூஜ்யம்.
வளர்த்த கூலியாக விதி கொடுப்பது
ஒன்றே முக்கால் சதம்.
இருபத்தோராயிரம், என்றேன்.
"முப்பதும் வந்தால்?"
நான் பொத்தானை அழுத்துமுன் அவனே சொன்னான்:
"எழுபத்து மூவாயிரத்து ஐநூறு."
சரியாக இருந்தது.
நான் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.

பதினொன்று பத்துக்கு நான்
கேட்காத இடத்தில் வாயைத் திறந்தேன்.
பதினைந்தைப் பத்தாக்குங்கள், டிர்க்.
பத்து ஆட்டம் எப்படியும் ஆடவைத்தாக வேண்டும்,
இல்லையென்றால் எதற்கு வாங்குகிறான்?
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மழைச் சத்தம்,
அங்கேயும் மழையா, இல்லை எங்கள் மழைதானா தெரியவில்லை.
முப்பதை இருபத்தாறாக்கிக்கொண்டு ஒப்புக்கொண்டார்கள்.
பதினொன்று நாற்பத்தேழுக்குப் பதிவானது.
கடைசி டிராம் போய்விட்டது,
கரையோரமாக நடந்தே வீடு சேர்ந்தேன்.

இப்போது நவம்பர்.
ஞாயிற்றுக்கிழமைகளில் கணினியில்
மொழி புரியாத வர்ணனையை ஓடவிட்டு
துணி மடிக்கிறேன்.
ஒன்பது ஆடிவிட்டான்.
ஒன்பதாவதில் ஒரு கோல்கூட,
இடது காலால்.
அதற்குப் பின் மூன்று வாரம்
மாற்று ஆட்டக்காரர் வரிசையில்தான்
பெயர் வருகிறது.

எழுபத்து நாலாம் நிமிடம். அணி பின்தங்கியிருக்கிறது.
மேல்சட்டையோடு எழுந்து
கோட்டுக்கு வெளியே ஓடத் தொடங்குகிறான்,
கொடிக்கம்பம் வரை போய், திரும்பி, மறுபடி.
வலது காலிலும் அதே நீள அடி.
நன்றாகத்தான் ஓடுகிறான்.
கோட்டுக்கு வெளியே ஓடுவதற்கு
ஒப்பந்தத்தில் தொகை எதுவும் இல்லை.